நொதித்தலைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவிகள்

ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ ஒரு சர்க்கரைக் கரைசலை அல்லது மாவை நொதிக்கச் செய்யும்போது, அதன் வெப்பநிலை, அடர்த்தி, அமிலத்தன்மை, வெளியேறும் வளிமம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்யும் சாதனங்கள் நொதித்தல் கண்காணிப்புக் கருவிகள் எனப்படும். அளவீட்டைப் பார்த்துக் குளிரூட்டியையோ சூடேற்றியையோ தானாக இயக்கும் வகை, நொதித்தல் கட்டுப்படுத்தி எனப்படும். பெரிய ஆலைகளில் நெடுங்காலமாக உள்ள இந்த ஏற்பாடு, வீட்டிலேயே பியர் தயாரிப்போரின் பொழுதுபோக்கு வழியாகச் சில நூறு ரூபாய்க் கருவியாகச் சுருங்கியது.

தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பியர் தயாரிப்பது குற்றம். ஆகவே இக்கட்டுரையில் பியர் பற்றிய பகுதிகள், அது சட்டப்படி செல்லும் நாடுகளில் உள்ள நடைமுறையை விளக்குகின்றன. அதே கருவிகள் இங்கே எங்கு பயன்படும் என்பதைக் கடைசிப் பகுதியில் காணலாம். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் பட்டையில் உணரி, ரிலே, பிஎல்சி போன்றவை பலருக்கும் அன்றாடச் சொற்கள். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வாடகை அறையில் தங்கி வேலைக்குச் செல்லும் ஒரு பராமரிப்புப் பணியாளருக்கு இக்கருவிகளின் உள்ளமைப்பு புதிதாக இராது. நொதிக்கும் பொருள் அவற்றை எப்படி ஏமாற்றும் என்பதுதான் அவருக்குப் புதிதாக இருக்கும்.

கருவிகளுக்கு முன்

இந்த வட்டாரத்துக்கு நொதித்தல் அயலானது இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து கள் ஆக்கும் முறை படிப்படியாக வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் பரப்பி ஆற்றி, அதனுடன் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பின் விரலால் அலைத்து வடிக்கிறார்கள். அந்த அடை நெல்முளையைக் கொண்டு செய்யப்பட்டது என்பது உரை வழிப் பொருள். அப்படியானால் இன்று மால்ட் செய்யும் வேலையை அன்று நெல்முளை செய்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது 'ஆற்றி' என்ற செயல். கொதித்த கூழை ஆற்றாமல் நொதிப்பொருளைக் கலந்தால் நுண்ணுயிர்கள் வெந்துவிடும். இன்றைய பியர் கையேடுகளும் இதே இடத்தில்தான் முதல் எச்சரிக்கையை வைக்கின்றன. சங்க காலத்து வலைஞரின் வெப்பமானி கை. கடிகாரம் பகலும் இரவும்.

வடக்குப்பட்டிலேயே இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் நடத்திய அகழாய்வில் கற்கருவிகளோடு உரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது திராட்சை மது, எண்ணெய் போன்றவற்றைக் கப்பலில் ஏற்றப் பயன்பட்ட, இரு கைப்பிடி கொண்ட மண்சாடி. கிடைத்த ஓடுகளைக் கொண்டு உள்ளே இருந்தது மதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பக்கத்திலேயே கார்த் தொழிற்சாலைகள் நிற்கும் ஊரில் இப்படி ஒன்று கிடைத்திருப்பது சுவையான செய்தி.

ஐரோப்பிய முறைப் பியர் இந்தியாவுக்கு வந்தபோது முதல் தடையாக நின்றது வெப்பம். குளிர்பதன இயந்திரம் பரவும் முன் ஆலைகள் மலையேறின. வடக்கே கசௌலி, சோலன், தெற்கே நீலகிரி. நீலகிரியின் காசில் புரூவரி உள்ளிட்ட தென்னிந்தியச் சிறு ஆலைகளைத் தாமஸ் லீஷ்மன் 1915-இல் ஒன்றிணைத்ததிலிருந்தே யுனைடெட் புரூவரீஸ் பிறந்தது. அந்தக் காலத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாடு என்றால் இடத்தை மாற்றுவது.

அளவீடு பியர்த் தொழிலுக்குள் வந்தது இங்கிலாந்தில், 18-ஆம் நூற்றாண்டில். மைக்கேல் கோம்புரூன் 1762-இல் வெளியிட்ட நூலில் வெப்பமானியின் பயனை வலியுறுத்தினார். ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் சர்க்கரைமானியைக் கொண்டு, எவ்வளவு தானியத்திலிருந்து எவ்வளவு சாறு கிடைக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய மின்னணுக் கருவிகள் அளப்பவற்றுள் முதன்மையானவை இன்னமும் அந்த இரண்டுதான்.

வெப்பநிலை: எதை அளப்பது

பெரும்பாலான ஏல் வகை ஈஸ்ட்டுகள் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலும், லாகர் வகை ஈஸ்ட்டுகள் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி வரையிலும் நல்ல பியரைத் தருகின்றன. அதற்கு மேல் போனால் ஈஸ்ட் சாகாது. இன்னும் வேகமாகவே வேலை செய்யும். கெடுவது சுவை. மிகையான வெப்பத்தில் பழவாசனை தரும் எஸ்டர்களும், தொண்டையில் காரமாக உறைக்கும் உயர் ஆல்ககால்களும் கூடுதலாக உண்டாகும். மிகக் குறைந்தால் ஈஸ்ட் அடியில் படிந்து பாதியில் நின்றுவிடும்.

சென்னை வட்டாரத்தில் மே மாதச் சராசரி உச்ச வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டியும், இரவின் தாழ்நிலை 28 டிகிரியை ஒட்டியும் இருக்கும். சனவரி விடியற்காலையிலும் சராசரி 21 டிகிரிக்கு அருகில்தான். சிமென்ட் ஷீட் போட்ட கூரையின் கீழ் நிலைமை இன்னும் மோசம். ஆகவே இந்தத் தட்பவெப்பத்தில் ஏல் ஈஸ்ட்டுக்கு ஏற்ற அறை ஆண்டு முழுவதும் இயற்கையாகக் கிடைக்காது. சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவின் டார்வினிலோ வாழும் தமிழருக்கும் இதே நிலைதான்.

இதோடு நொதித்தலின் சொந்த வெப்பமும் சேர்கிறது. ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். இருபது லிட்டர் சாதாரணப் பியரில் சுமார் 1.6 கிலோ சர்க்கரை நொதிக்கிறது எனக் கொண்டால் 900 கிலோஜூலுக்கு மேல் ஆகிறது. இருபது லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 84 கிலோஜூல் போதும். வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கினால் கலனின் வெப்பநிலை 11 டிகிரி ஏறும். நடைமுறையில் பெரும்பகுதி கலனின் சுவர் வழியே வெளியேறிவிடும். ஆனாலும் வேகம் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் மூன்றாம் நாளில், சாறு சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாக நிற்பது வழக்கம்.

ஆகவே அறைச் சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டுவது அறையின் கதை மட்டுமே. குளிர்சாதனப் பெட்டிக்குள் காற்றில் தொங்கும் உணரியும் அதே தவறைச் செய்யும்: பெட்டியின் காற்று 18 டிகிரியில் இருக்கும், கலனுக்குள் சாறு 22-இல் இருக்கும். உணரி சாற்றின் வெப்பநிலையை உணர வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மூடியில் துளையிட்டு, அடி மூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, அதனுள் உணரியை வைப்பது ஒன்று. கலனின் வெளிச்சுவரில் சாற்று மட்டத்துக்குக் கீழே உணரியை ஒட்டி, அதன்மேல் தடித்த ஃபோம் துண்டு வைத்துக் கட்டுவது மற்றொன்று. இரண்டாவது எளிது, நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது சாறு தானே சுழன்று கலங்குவதால் அளவும் பெரிதாகப் பிசகாது. உணரியை நேரடியாகச் சாற்றில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கம்பி உறையைச் சரிவரக் கிருமிநீக்கம் செய்வது கடினம்.

பொழுதுபோக்காளர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது டிஎஸ்18பி20 என்ற எண்ம உணரி. எஃகுத் தொப்பியில் அடைத்த வடிவில் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது. ஒவ்வொரு சில்லுக்கும் தனி 64-பிட் முகவரி இருப்பதால் ஒரே கம்பியில் பல உணரிகளை இணைக்கலாம். இது 0.0625 டிகிரி நுணுக்கத்தில் எண்ணைக் காட்டும். ஆனால் அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி மட்டுமே. திரையில் 19.4375 என்று தெரிந்தால், உண்மை 19-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ உள்ளது என்று பொருள். போலிச் சில்லுகளும் சந்தையில் ஏராளம். ஒரு குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பிச் சிறிது நீர் விட்டு, கலக்கி, உணரியை ஐந்து நிமிடம் வைத்தால் சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு நிரலில் கழிக்கலாம். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் விலையுயர்ந்த கருவியின் படத்தைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை.

கட்டுப்படுத்தி

பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு கலன், நடுவில் ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. உலகெங்கும் உள்ள ஏற்பாடு இதுதான். எஸ்டிசி-1000 என்ற மலிவான பலகை இரண்டு ரிலேக்களைக் கொண்டது: ஒன்று குளிர்விக்க, ஒன்று சூடேற்ற. கம்பி இணைக்கத் தயங்குவோருக்கு இங்க்பேர்டு ஐடிசி-308 போன்றவை பிளக், சாக்கெட்டோடு வருகின்றன.

இதில் அமைக்க வேண்டியவை மூன்று. இலக்கு வெப்பநிலை, அதிலிருந்து எவ்வளவு விலகினால் ரிலே இயங்க வேண்டும் என்ற இடைவெளி, கம்ப்ரசர் நின்றபின் மீண்டும் தொடங்கும் முன் காத்திருக்க வேண்டிய நேரம். மூன்றாவதைப் பலர் சுழியத்தில் விட்டுவிடுவர். கம்ப்ரசர் நின்றவுடன் குழாயின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன் மீண்டும் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுழல முடியாமல் முக்கிச் சூடாகும். ஐந்து நிமிடத் தாமதம் பெட்டியைக் காப்பாற்றும். அடிக்கடி மின்சாரம் போய்வரும் இடத்தில் இது இன்னும் முக்கியம். மின்சாரம் திரும்பியவுடன் கட்டுப்படுத்தி இந்தத் தாமதத்தை மதிக்கிறதா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும்.

இடைவெளியை 0.3 டிகிரி என்று இறுக்கமாக வைப்பதும் நல்லதில்லை. இருபது லிட்டர் சாறு மெல்லத்தான் குளிரும். உணரி இலக்கைத் தொடும்போது பெட்டியின் காற்று மிகவும் குளிர்ந்திருக்கும். ரிலே நின்ற பிறகும் சாறு இறங்கிக்கொண்டே போகும். உடனே சூடேற்றி இயங்கும். பிறகு மறுபடி கம்ப்ரசர். இரண்டும் ஒன்றோடொன்று சண்டையிட, மின்கட்டணம் ஏறும். ஒரு டிகிரி இடைவெளி போதும்; ஈஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. தொழிற்சாலையில் பிஐடி கட்டுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த மிகைத்தாவல் பழக்கமானது. நெதர்லாந்தில் உருவான புரூபை என்ற திறந்த மூலத் திட்டம், சாற்றில் ஓர் உணரி, பெட்டிக் காற்றில் ஓர் உணரி என இரண்டை வைத்து, எவ்வளவு தாவும் என்று முன்கூட்டியே கணித்துக் கம்ப்ரசரை நிறுத்துகிறது.

எண்ணைப் பார்ப்பதற்கும் அதை மாற்றுவதற்கும் இடையே உள்ள தொலைவு வெப்பநாட்டில் மிக அதிகம். குளிர்நாட்டில் அறையே பாதி வேலையைச் செய்துவிடுவதால், அங்கே எழுதப்பட்ட வழிகாட்டிகள் கண்காணிப்பைப் பற்றியே பேசும். மே மாதத்துச் சென்னை போன்ற இடத்தில் அலைபேசியில் 33 டிகிரி என்ற எண் வந்து நிற்பதால் எதுவும் மாறாது. முதல் செலவு குளிரூட்டலுக்கு. உணரிகள் அதன் பிறகு.

வேறொரு தப்பும் வழி உண்டு. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட குவைக் என்ற ஈஸ்ட் வகைகள் 30 முதல் 40 டிகிரி வரையிலும் கெட்ட சுவையின்றி நொதிக்கின்றன. குளிர்நாடான நார்வேயிலிருந்து வெப்பத்தை விரும்பும் ஈஸ்ட் கிடைத்திருப்பது வேடிக்கைதான். இவை பரவிய பின், வெப்பநாட்டுப் பொழுதுபோக்காளர் சிலர் குளிர்சாதனப் பெட்டியையே கைவிட்டனர்.

அடர்த்தி

சர்க்கரை கரைந்த சாறு நீரைவிட அடர்ந்தது. சர்க்கரை ஆல்ககாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற மாற அடர்த்தி குறையும். தொடக்கத்தில் ஒப்படர்த்தி 1.048, முடிவில் 1.010 என்றால், வேறுபாடான 0.038-ஐ 131.25-ஆல் பெருக்க ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்ககால் என்று கிடைக்கும். கண்ணாடி அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் படிப்பது பழைய முறை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றியவர்கள் பார்த்த லாக்டோமீட்டரும் இதே தத்துவம்தான்.

கண்ணாடிக் கருவியின் குறை, ஒவ்வொரு முறையும் கலனைத் திறந்து சாறு எடுக்க வேண்டியிருப்பது. காற்றும் கிருமியும் உள்ளே போகும். இதற்கு மாற்றாக வந்தவை மிதவை அடர்த்திமானிகள். கலிபோர்னியாவில் தயாராகும் டில்ட், ஒரு மூடிய குழாய்க்குள் மின்கலம், முடுக்கமானி, வெப்பநிலை உணரி, புளூடூத் அலைபரப்பி ஆகியவற்றைக் கொண்டது. சாற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும். சாறு அடர்த்தியாக இருந்தால் அதிகம் சாயும். அடர்த்தி குறையக் குறைய நிமிரும். சாய்வுக் கோணத்தை முடுக்கமானி புவியீர்ப்புத் திசையோடு ஒப்பிட்டு அளக்க, கருவி அதை அடர்த்தியாக மாற்றி அனுப்பும்.

இதே எண்ணத்தை ஜெர்மானிய ஆர்வலர்கள் ஐஸ்பிண்டல் என்ற திறந்த மூலத் திட்டமாக்கினர். ஈஎஸ்பி8266 வைஃபை பலகை, எம்பியூ-6050 முடுக்கமானி, டிஎஸ்18பி20, ஒரு 18650 லித்தியம் மின்கலம் ஆகியவை பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் அடங்கும். வெறும் நீரில் ஏறத்தாழ 25 டிகிரி சாயும்படி உள்ளே எடையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு அளந்து கரைத்த சர்க்கரைக் கரைசல்களில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் கோணத்தைக் குறித்து, அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் சமன்பாட்டைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை விழித்து அளவை அனுப்பிவிட்டு உறங்கிவிடுவதால், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடும்.

மிதவை எப்போது பொய் சொல்லும்? நுரை பொங்கும்போது ஈஸ்ட் சேறு குழாயின் மேற்பகுதியில் ஒட்டிக்கொண்டு சாய்வை மாற்றும். உலர்ந்த ஹாப்ஸ் பூக்களைப் போட்டால் அவை மேலே அழுத்தும். குமிழிகள் ஒட்டினால் மேலெழும். எஃகுக் கலனாக இருந்தால் அலைபரப்பு வெளியே வராமலேயே போகலாம். எனவே மிதவை தரும் தனி எண்ணைவிட, அது வரையும் கோட்டின் போக்கே நம்பத்தக்கது. எப்போது தொடங்கியது, எப்போது வேகமெடுத்தது, எப்போது தட்டையானது ஆகிய மூன்றையும் அது கண்ணாடிமானியைவிட நன்றாகச் சொல்லும். இறுதி அடர்த்தியைக் கண்ணாடிமானி கொண்டே அளக்க வேண்டும்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான அடர்த்திமானிகள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 35 டிகிரிச் சாற்றில் அதே மானி ஏறத்தாழ 0.004 குறைவாகக் காட்டும். உண்மையில் 1.010-இல் இருக்கும் சாறு 1.006 என்று தெரியும். நொதித்தல் முடிந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியில் அடைத்தால், மிஞ்சிய சர்க்கரை உள்ளே நொதிக்கும். 0.004 அளவுக்கு நொதித்தாலே பியரின் கன அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகச் சேரும். சாதாரணப் பியரில் மொத்தமாகவே இரண்டரை மடங்குதான் இருக்கும். கண்ணாடிப் புட்டி வெடித்துச் சிதறுவது இப்படித்தான். வெப்பத் திருத்தம் செய்த அளவு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை ஒன்றாகவே வந்தால்தான் புட்டியைத் தொட வேண்டும்.

வளிமம்

கலனின் வளிப்பூட்டில் எழும் குமிழிகளை ஒளி உணரியால் எண்ணும் கருவிகள் பார்க்க அழகானவை. மூடியில் சிறு கசிவு இருந்தாலும் எண்ணிக்கை பொருளற்றதாகிவிடும். எம்க்யூ-3 என்ற ஆல்ககால் உணரியைச் சிலர் பொருத்திப் பார்க்கிறார்கள். அது காற்றில் ஆவி உள்ளதா என்று சொல்லுமே தவிர, சாற்றில் எத்தனை விழுக்காடு என்று சொல்லாது. கள்ளச்சாராயத்தில் உயிரைப் பறிக்கும் மெத்தனாலை எத்தனாலிலிருந்து பிரித்தறியவும் அதனால் முடியாது. அந்த உணரியை நம்பி ஒரு பானத்தைப் பாதுகாப்பானது என்று முடிவு செய்வது கொடிய தவறாகும்.

வளிம உணரி உண்மையில் தேவைப்படும் இடம் கலனுக்கு வெளியே இருக்கிறது. மேலே சொன்ன இருபது லிட்டர் பியர் 400 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் மொத்தக் காற்று 28,000 லிட்டர். எட்டு மணி நேர வேலையிடத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் மேல்வரம்பு 0.5 விழுக்காடு, அதாவது 140 லிட்டர். நொதித்தல் பல நாள் நீடிப்பதாலும் காற்று மாறிக்கொண்டே இருப்பதாலும் ஒரு கலன் பெரிதாகத் தீங்கு செய்யாது. சன்னலை அடைத்து ஏசி போட்டுத் தூங்கும் அறையில் மூன்று நான்கு கலன்கள் இருந்தால் நிலைமை வேறு. அகச்சிவப்பு முறையில் அளக்கும் எம்எச்-இசட்19 போன்ற உணரியைத் தரையிலிருந்து சற்று உயரத்தில் வைப்பது பயனுள்ளது.

இணையச் சேவை

பல வணிகக் கருவிகள் அளவுகளைத் தம் நிறுவனச் சேவையகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அலைபேசிக்குத் தருகின்றன. சியாட்டிலின் பிகோபுரூ நிறுவனம் 2020-இல் நொடித்தபோது, அதன் சேவையகத்தை நம்பியிருந்த இயந்திரங்களின் கதி கேள்விக்குறியானது. உரிமையாளர்கள் தாங்களே மாற்றுச் சேவையக நிரல் எழுதிக்கொண்டனர். அளவுகளை வீட்டிலேயே ஒரு ராஸ்பெர்ரி பை கணினியிலோ நினைவக அட்டையிலோ சேமிக்கும் கருவியைத் தேர்வது நல்லது.

சட்டம்

மதுபானம் மாநிலப் பட்டியலில் எட்டாவது இனம் என்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். இராசாசியின் அமைச்சரவை 1937-இல் கொண்டுவந்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த சென்னை மதுவிலக்குச் சட்டமே, இன்று தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக நிற்கிறது. உரிமமின்றி மது தயாரிப்பது அதன்படி தண்டனைக்குரியது. சொந்தப் பயன்பாட்டுக்கு, ஐந்து லிட்டர் மட்டும், விற்பனைக்கு இல்லை என்ற விளக்கங்கள் எதுவும் செல்லாது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1978-இல் கையொப்பமான சட்டம் வீட்டுப் பியருக்குக் கூட்டரசு வரிவிலக்கு அளித்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். பிரிட்டன் 1963-இல் உரிமத் தேவையை நீக்கியது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், விற்காமல் இருந்தால் அனுமதி. அங்கு கற்றதை விடுமுறைக்கு ஊருக்கு வந்து செய்துகாட்ட நினைப்போர் இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது.

இட்லி மாவில் அதே கருவிகள்

இதே உணரிகளைத் தமிழ்நாட்டில் சட்டச் சிக்கலின்றிப் பயன்படுத்த ஏற்ற நொதித்தல் ஒவ்வொரு வீட்டிலும் இரவில் நடக்கிறது. தொழில் பட்டையில் அது வீட்டளவில் நிற்பதும் இல்லை. ஆலைகளின் கேன்டீன்களுக்கும் மெஸ்களுக்கும் மாவு அரைத்துக் கொடுப்போருக்கு, ஒரு நாள் மாவு புளித்துப்போனால் அந்த நாளின் வருமானம் போகும்.

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள லூக்கோனோஸ்டாக் மெசன்ட்ராய்ட்ஸ் என்ற பாக்டீரியா இதில் முதன்மையானது. அது சர்க்கரையை லாக்டிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு, சிறிதளவு எத்தனால் ஆகியவையாக மாற்றும். ஆம், இட்லி மாவிலும் துளி ஆல்ககால் உண்டு. ஆவியில் வேகும்போது போய்விடும். உளுந்தின் புரதமும் பிசின் போன்ற மாச்சத்தும் வளிமத்தைப் பிடித்துவைப்பதால் மாவு உப்புகிறது. அமிலக் குறியீடான பிஎச் ஏறத்தாழ 6-இலிருந்து 4.5-ஐ ஒட்டி இறங்கும்.

மிதவை அடர்த்திமானி இங்கே பயன்படாது. மாவு கெட்டியானது, சிக்கிய குமிழிகளால் அடர்த்தி குறைகிறதே தவிர, சர்க்கரை குறைவதை அது காட்டாது. அளக்க வேண்டியவை மூன்று: மாவின் நடுவெப்பநிலை, மாவின் உயரம், பிஎச். வெப்பநிலைக்கு அதே டிஎஸ்18பி20 போதும். உயரத்துக்கு மூடியின் உட்புறம் விஎல்53எல்0எக்ஸ் போன்ற ஒளித்தொலைவு உணரியைப் பொருத்தலாம். ஈரம் படியாமல் மெல்லிய கண்ணாடி மூடி தேவை. மலிவான மீயொலி உணரி இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த தொலைவை அளக்காது என்பதால், பாத்திரத்தின் மேல் போதிய காலியிடம் விட வேண்டும்.

பிஎச் அளவுகோலுக்கும் பியருக்கும் ஓர் உறவு உண்டு. அதை 1909-இல் வகுத்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். பேனா வடிவப் பிஎச் மானியை வாரம் ஒருமுறை 4, 7 ஆகிய இரு தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். மாவு அதன் கண்ணாடி முனையில் காய்ந்தால் கருவி கெட்டுவிடும். பயன்படுத்தியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வைக்க வேண்டும். வெறும் நீரில் ஊறவைப்பது முனையின் ஆயுளைக் குறைக்கும்.

கட்டுப்பாட்டில்தான் மாவு பியரைவிடக் கடினமானது. சனவரி இரவில் பத்து மணி நேரமாகியும் பொங்காத மாவு, மே இரவில் ஐந்தாறு மணி நேரத்திலேயே புளித்துவிடலாம். உரிய நேரத்தில் எடுத்துக் குளிரறையில் வைத்தால் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பியர்ச் சாறு தானே சுழன்று வெப்பத்தைச் சுவருக்குக் கொண்டுவரும். கெட்டி மாவு அசையாது, வெப்பம் ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். ஊர்ந்து செல்லும் வெப்பம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப நேரம் எடுக்கும். நடுவிலிருந்து சுவர் வரை மூன்று சென்டிமீட்டர் உள்ள தட்டையான டப்பா இரண்டு மணி நேரத்தில் குளிர்ந்தால், பத்து சென்டிமீட்டர் உள்ள அண்டாவுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ முழு ஒரு நாள் ஆகும். அந்த நேரம் முழுதும் நடுப்பகுதி புளித்துக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும் அண்டாவின் நடுவில் உணரியை இறக்கிப் பார்த்தால் இது உடனே தெரியும்.

இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஓர் ஈஎஸ்பி8266 பலகை, ஒரு வெப்பநிலை உணரி, ஒரு தொலைவு உணரி, ஒரு சிறிய ஒலிப்பான். மாவின் உயரம் தொடக்கத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கை எட்டியதும் ஒலிக்கும்படி அமைக்கலாம். முழு இரு மடங்கு வரை காத்திருந்தால், குளிர்விக்க ஆகும் நேரத்தில் அது எல்லை தாண்டிவிடும். ஒலித்ததும் மாவை ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காற்றுப் போக இடம்விட்டுக் குளிரறையில் வைக்க வேண்டும். ஒன்றே முக்கால் என்ற எண் உளுந்தின் தரம், உப்பின் அளவு, அரைத்த பதம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். முதல் இரண்டு வாரம் உயரத்தையும் பிஎச்சையும் மறுநாள் இட்லியையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவந்தால், அந்தந்தச் சமையலறைக்கு உரிய எண் கிடைத்துவிடும். கோடையில் ஒன்று, மார்கழியில் ஒன்று என இரண்டு எண்கள் தேவைப்படலாம்.